முத்துக்கடல் ஆய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல்

முத்தும் சங்கும் தமிழர் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. கொற்கை முத்து கடல் கடந்து சென்று பிற நாட்டு அரசியர் கழுத்தை அணி செய்தது. மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கு வங்க நாட்டு மகளிர் கையில் வளையாயிற்று. இத்துணைப் பெருமை பேசும் நாம், முத்துச் சிப்பி எங்கே பிறக்கிறது, எங்ஙனம் வளர்கிறது, ஓராண்டு கோடி கோடியாய்க் கிடந்தது மறு ஆண்டு ஏன் மறைகிறது என்று கேட்டுப் பார்த்தோமா? கேட்டவர் சிலரே. அச்சிலருள் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியை நம் கடலுக்கே அளித்தவர் ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் அறிஞர். அவர் தமிழர் அல்லர். ஆயினும் தமிழர் கடலை அவர் அறிந்த அளவுக்கு அறிந்தவர் அவர் காலத்தில் அரியர். அவருடைய வரலாறு, எர்ணாகுளத்துக்குப் படிக்க வந்திருக்கும் தமிழ் மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய ஒன்று.

இன்று நம் நண்பர்கள் சிலர் விடுமுறையில் கொச்சித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி லட்சத்தீவுக்குச் செல்கின்றனர். கட்மத்திலும் பங்காரத்திலும் முதுகில் காற்றுக் கலத்தைக் கட்டிக் கொண்டு நீருள் இறங்கிப் பவளப் பாறைகளைக் கண்டு களிக்கின்றனர். திரும்பி வந்து அவர்கள் சொல்லும் வண்ண மீன்களின் கதை விடுதியில் ஒரு வாரம் ஓடுகிறது. அந்தக் காற்றுக் கருவியை குஸ்தோ என்ற கடற்படை வீரரும் கான்யான் என்ற பொறியாளரும் பிரான்சு நாட்டில் உருவாக்கியது 1943ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர்க் கடலடியைக் காணப் பெரிதும் பயன்பட்டவை இரண்டு வழிகள். ஒன்று, கனத்த செம்புத் தலைக்கவசம் அணிந்து, மேலிருந்து குழாய் வழியே காற்று இறைக்க இறங்குவது. மற்றொன்று, நம் பரதவர் வழி: மூச்சை அடக்கிக் கொண்டு குதிப்பது. ஹார்னெலின் ஆராய்ச்சி பெரும்பாலும் இவ்விரண்டாம் வழியை நம்பி நடந்தது.

ஹார்னெல் 1865இல் பிரிட்டனில் பிறந்தார். இளமையிலேயே கடலுயிர்களிடத்து அவருக்கு ஆர்வம் மிகுந்தது. ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சித் தீவில், சினெல் என்ற இயற்கை ஆய்வாளருடன் கூடி ஒரு கடலுயிர் ஆய்வகத்தை நடத்தினார். 1893இல் கடல் விலங்கியலுக்கும் நுண்ணோக்கியியலுக்கும் என ஓர் இதழையும் தொடங்கினார். பெரிய பல்கலைக்கழகத்தின் பொருளுதவியோ அரசாங்கத்தின் ஆதரவோ பின்னால் நிற்காத சிறு நிலையம் அது. எனினும் கடற்கரைப் பாறை இடுக்கில் வாழும் சிற்றுயிரையும் பொறுமையுடன் நோக்கும் பயிற்சியை அதுவே அவருக்குத் தந்தது.

அவரை நம் பக்கம் கொண்டு வந்தது இலங்கை அரசாங்கத்தின் கவலை. மன்னார்க் கடலில் முத்துக்குளி நடக்கும் ஆண்டில் அரசாங்கத்துக்கு இலட்சக்கணக்கில் வருவாய் வரும். பிறகு பல ஆண்டுகள் ஒரு சிப்பியும் இராது. 1891க்குப் பின் அப்படியொரு வறட்சி நீடித்தது. காரணம் என்ன என்று ஆராய லிவர்ப்பூலில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ஹெர்ட்மன் அழைக்கப்பட்டார். 1902இன் தொடக்கத்தில் அவர் ஹார்னெலைத் துணைக்கு அழைத்துக் கொண்டு இலங்கை வந்தார். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பினார். ஹார்னெல் தங்கி விட்டார். அன்று தங்கியவர் ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகள் இக்கடல்களை விட்டு அகலவில்லை.

முத்துச் சிப்பி வாழும் இடத்தைப் பரதவர் பார் என்பர். பலரும் எண்ணுவது போலப் பார் முழுவதும் பவளப் பாறை அன்று. மணலும் ஓட்டுத் துகளும் சுண்ணாம்பால் இறுகித் தட்டைக் கல்லாய்க் கிடக்கும். அதன்மேல் பவளமும் பஞ்சுயிரும் பாசியும் சிப்பியும் ஒட்டி வளரும். சிப்பிக் குஞ்சு தொடக்கத்தில் நீரில் மிதந்து திரியும். பின்னர் நார் போன்ற இழைகளால் கல்லைப் பற்றிக் கொள்ளும். பற்றக் கல் கிடைத்தால் பிழைக்கும். மணல் வந்து மூடினால் மாயும். பிழைத்தவற்றைத் திருக்கை மீன்களும் கிளாத்தி மீன்களும் நட்சத்திர மீன்களும் தின்னும். இவற்றையெல்லாம் தப்பி நான்கைந்து ஆண்டு வாழ்ந்த சிப்பியே முத்துக்குளிக்கு உதவும்.

பெரிய பார் என்ற பாரில் குஞ்சுகள் ஆண்டு தோறும் கோடிக்கணக்கில் வந்து விழும். ஆனால் அவை வளர்ந்து பெரிதாவது மிக அரிது. பார் இருக்கும் இடம் ஆழ்கடலின் விளிம்பு. பருவக் காற்றின் அலை அங்கே நேராக மோதிக் குஞ்சுகளை வாரிக் கொண்டு போகும். எனவே அக்குஞ்சுகளை முன்கூட்டியே எடுத்துக் காப்பான செவ்வல் பாரில் விதைக்க வேண்டும் என்றும், கல் இல்லாத இடத்தில் கல்லைக் கொட்டிச் சிப்பி பற்ற வழி செய்ய வேண்டும் என்றும் ஹெர்ட்மனும் ஹார்னெலும் கூறினர். நாற்றங்காலில் நாற்றைப் பிடுங்கி வயலில் நடும் நம் உழவர்க்கு இது புதிய கருத்தா? கடலையும் வயலாகப் பார்க்கலாம் என்பதே இதன் உட்பொருள்.

அவர்கள் ஆராய்ச்சி 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் தொகுதிகளாக வெளிவந்தது. கடலும் அதே காலத்தில் வாரி வழங்கியது. 1905ஆம் ஆண்டு முத்துக்குளியில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வளவு பெரிய முத்துக்குளி அதற்குப் பின் இல்லை. இவ்வளத்தைக் கண்ட லண்டன் கம்பெனி ஒன்று 1906இல் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907இல் சிப்பி குறைந்தது. அதற்குப் பின் அற்றே போயிற்று. கம்பெனி நொடித்தது. கடலின் போக்கைச் சில ஆண்டு கண்டு விட்டுக் கணக்குப் போட்டவர்க்குக் கிடைத்த பாடம் அது.

இன்னொரு பாடமும் இங்கே உண்டு. முத்து எப்படி உண்டாகிறது? சிப்பியின் உடலில் புகும் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம் செத்து மடிய, அதனைச் சுற்றி முத்துப் படலம் படிகிறது என்பது ஹெர்ட்மன், ஹார்னெல் இருவரின் முடிவு. அது பெரும் புகழ் பெற்றது. ஆனால் பிற்காலத்து ஆராய்ச்சி அதனை ஏற்கவில்லை. சிப்பியின் மேலுறையில் உள்ள செல்கள் ஏதோ ஒரு காரணத்தால் உள்ளே அமிழ்ந்து பையாகின்றன. அப்பையே முத்தைச் சுரக்கிறது. புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பை இன்றி முத்து இல்லை. இவ்வுண்மையைக் கொண்டே ஜப்பானியர் செயற்கை முறையில் முத்து வளர்த்து உலகச் சந்தையைக் கைப்பற்றினர். ஐந்து தொகுதி எழுதிய பெரியோரும் ஓரிடத்தில் தவறலாம். அதனால் மற்ற உழைப்பு வீணாவதில்லை. விஞ்ஞானம் பயிலும் நாம் மனத்திற் கொள்ளத் தக்கது இது.

1908இல் ஹார்னெல் சென்னை அரசாங்கப் பணிக்கு வந்தார். அங்கே மீன்வளத் துறைக்கு அடிகோலியவர் சர் பிரடெரிக் நிகல்சன். அவருக்குப் பின் 1918இல் ஹார்னெலே அத்துறையின் இயக்குநர் ஆனார். தூத்துக்குடியும் கீழக்கரையும் பாம்பனும் அவர் கால் பட்ட இடங்கள் ஆயின. பாம்பனை அடுத்த குருசடைத் தீவில் சிப்பி வளர்த்துப் பார்க்கும் முயற்சியும் அவரால் நடந்தது. விலங்கியல் மாணவர் பாலனோகிளாசஸ் என்றதும் நினைவு கூரும் அதே குருசடைத் தீவுதான்.

இக்காலத்தில் அவர் செய்த பெரும்பணி சங்கைப் பற்றியது. 1914இல் இந்தியாவின் புனிதச் சங்கு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் விலங்கியல் மட்டுமா இருக்கிறது? சங்கு முட்டையிடும் முறையும், முட்டைக் கூட்டைக் குளியாளர் சங்குப்பூ என அழைப்பதும், கோயிலிலும் மணத்திலும் இறுதிச் சடங்கிலும் சங்கு பெறும் இடமும், டாக்கா நகரில் சங்கறுப்போர் கையால் அரம் கொண்டு வளையறுக்கும் தொழிலும் ஒருங்கே இடம் பெறுகின்றன. கொற்கையிலும் காயலிலும் மண்ணில் புதைந்து கிடந்த சங்குத் துண்டுகளை அவர் எடுத்துப் பார்த்தார். அவற்றில் அரம் பட்ட தடம் இருந்தது. வளையறுக்கும் தொழில் ஒரு காலத்தில் பாண்டி நாட்டிலேயே செழித்திருந்தது என்பதற்கு அத்துண்டுகளே சான்றாயின. பழந்தமிழ் நூல்கள் கூறும் செய்தியை நிலம் உறுதி செய்தது.

இனி, இவ்வளவு அறிவும் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? கடலடியிலிருந்து. கடலடிக்குச் சென்று வந்தவர் யார்? தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் ஆகிய நம் குளியாளர்கள். அவர்கள் தொழிலைச் சற்று எண்ணிப் பாருங்கள். இடுப்பில் ஒரு வலைப்பை. காலடியில் கயிறு கட்டிய கல். மூச்சை இழுத்து அடக்கிக் கல்லோடு இறங்குவர். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். கிடைக்கும் நேரம் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் அள்ளிக் கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கயிறு மைத்துனன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கு. தங்கையின் தாலியைக் காக்க அவனை விட அக்கறை உள்ளவன் யார்? சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டிக்கும் முன்னாளில் முத்துக்குளியில் பங்கு உண்டு.

இத்துணை இடருக்கும் அவர்கள் பெற்ற பயன் என்ன? சங்கு அன்று அரசாங்கத்தின் சொத்து. குளியாளர் எடுத்த சங்கை அரசாங்கம் குறித்த விலைக்கு அரசாங்கத்திடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதே சங்கு வங்கத்துக்குச் சென்று பன்மடங்கு விலைக்கு விற்றது. எந்தப் பாரில் எந்தத் திங்களில் எந்த நீரோட்டம், எங்கே மணல், எங்கே கல் என்பதைத் தலைமுறை தலைமுறையாய் அறிந்தவர் அவர்கள். ஆராய்ச்சி நூல்களின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. ஹார்னெலைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. வந்தவர் கேட்டார்; கேட்டதை எழுதினார்; எழுதியது நின்றது. நாம் கேட்கவில்லை. சொல்லத் தெரிந்தவர் மறைந்தனர். சொல்லும் அவர்களோடு மறைந்தது. யார் பிழை?

மலையாளக் கரையும் ஹார்னெலுக்குக் கடமைப்பட்டது. இங்கே நாம் விடுதியில் நாளும் உண்ணும் மத்தியை, அதாவது சாளையை, முதலில் முறையாக ஆராய்ந்தோருள் அவர் ஒருவர். 1910இல் தொடங்கிய அவ்வாராய்ச்சி, ராமசாமி நாயுடு என்ற உதவியாளருடன் சேர்ந்து 1924இல் வெளியிட்ட கட்டுரையில் முதிர்ந்தது. ஓராண்டு கரை கொள்ளாமல் குவிந்து மறு ஆண்டு ஒளிந்து கொள்ளும் சாளையின் புதிர் இன்றும் ஆய்வாளரை விட்டபாடில்லை. கொச்சிக் கரையின் சீன வலைகளும் அவர் எழுத்தில் இடம் பெற்றன.

மீனை ஆராய்ந்தவரின் கண் மெல்லப் படகின் மேல் சென்றது. கட்டுமரம், வள்ளம், தோணி என ஒவ்வொன்றையும் அளந்து வரைந்து, 1920இல் இந்தியப் படகுகளின் தோற்றம் பற்றி நூல் எழுதினார். தென்னிந்தியப் படகுகள் சிலவற்றில் தென்கடல் தீவினரின் தொடர்பைக் கண்டார். அம்முடிவு இன்றும் விவாதத்துக்கு உரியதே. ஆயினும் மறைந்து போன பல படகுகளின் வடிவை அவர் குறிப்பினால்தான் அறிகிறோம். 1924இல் பணி ஓய்வு பெற்றதும் வீட்டில் அமரவில்லை. செயின்ட் ஜார்ஜ் என்ற கப்பலில் ஆராய்ச்சிக் குழுவுடன் பசிபிக் தீவுகளுக்குப் புறப்பட்டார். அப்பயணத்தின் பயனாய், ஹாடன் என்ற அறிஞருடன் சேர்ந்து ஓஷியானியாத் தீவுகளின் ஓடங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் 1936 முதல் 1938 வரை வெளிவந்தன. 1946இல், தம் எண்பத்தோராம் வயதை ஒட்டி, உலக மக்களின் நீர்வழிப் போக்குவரத்தின் தோற்றம் பற்றிப் பெருநூல் ஒன்றை அளித்தார். 1949இல் மறைந்தார்.

அவர் சென்ற பின் நம் கடல் என்ன ஆயிற்று? தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளி நடந்தது. பிறகு நடக்கவில்லை. 1947இல் தோன்றி, 1971 முதல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், 1973இல் தூத்துக்குடியில் செயற்கை முறையில் முத்தை விளைவித்தனர். அதில் முன் நின்றவர் அழகர்சாமி என்ற தமிழர். ஹார்னெல் விரும்பிய சிப்பிப் பண்ணை நம்மவர் கையால் கனிந்தது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் பவளப் பாறையின் கதை மகிழ்ச்சி தருவதன்று. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளத்தை வெட்டினர். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் இரண்டு கடலுள் ஆழ்ந்தன. 1986இல் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின; 2001இல் பவளம் சட்டத்தின் முழுக் காப்பைப் பெற்றது. இருந்தும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் நீர் சூடேறி மன்னாரிலும் லட்சத்தீவிலும் பவளம் வெளுத்து மடிந்தது. கோடரியைச் சட்டத்தால் தடுக்கலாம். வெப்பத்தை எதனால் தடுப்பது?

நண்பர்களே! கொச்சியில் நம்மைச் சுற்றிக் கடலாராய்ச்சி நிலையங்கள் உள்ளன, நூலகங்கள் உள்ளன, நீருள் ஒரு மணி நேரம் இருக்க உதவும் கருவியும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. ஹார்னெலுக்கு இல்லாத ஒன்றும் நம்மிடம் உண்டு. அதுதான் குளியாளரின் மொழி. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் கடலறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அடுத்த விடுமுறையில் அவர்களிடம் சென்று அமர்வோம். பாரின் பெயரையும் நீரோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதுவோம். எழுதும்போது, சொன்னவர் பெயரை மறவாமல் முகப்பிலேயே எழுதுவோம்.