கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

ஒரு பிடி மண்ணில் இருப்பது மண் மட்டுமன்று. துகள்களுக்கு இடையே நீரும் காற்றும் உள்ளன. இந்த இடைவெளிகளின் இயல்பை அறியாமல் எதையும் உறுதியாகக் கட்ட முடியாது என்பதை அறிவியலாக நிறுவியவர் கார்ல் டெர்சாகி. பொருளியல் கற்பித்த நான் அவரது வாழ்வைத் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. பொதுப்பணத்தில் போடப்படும் சாலைகளும் கரைகளும் ஏன் விரைவில் உள்வாங்குகின்றன என்னும் கேள்விக்கு நிதிநிலை அறிக்கைகளில் விடை இல்லை.

1883-இல் பிராக் நகரில் பிறந்த டெர்சாகி, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்றார். 1912-இல் அமெரிக்கா சென்று, அணை கட்டும் இடங்களில் விவரங்களைத் திரட்டினார். அவற்றில் பொது விதி எதையும் காண இயலாமல் ஏமாற்றத்துடன் திரும்பினார். 1916-இல் இஸ்தான்புல்லில் ஆசிரியப் பணியேற்றபின், எளிய கருவிகளைத் தாமே அமைத்து, மண்ணை அழுத்தி அளக்கத் தொடங்கினார்.

நீர் நிறைந்த களிமண்மீது சுமை ஏறும்போது, முதலில் அதைத் தாங்குவது இடைவெளியிலுள்ள நீரே. நீர் மெல்லக் கசிந்து வெளியேறும்போதுதான் சுமை துகள்களுக்கு மாறுகிறது. அதற்குப் பல ஆண்டுகளும் ஆகலாம். கட்டி முடித்த பின்னரும் கட்டடங்கள் அமிழ்வதன் காரணம் இவ்வாறு விளங்கியது. 1925-இல் வியன்னாவில் வெளியான அவரது நூல், மண் விசையியல் என்னும் துறைக்கு அடித்தளமிட்டது.

காற்றின் கதை வேறு. உரிய ஈரப்பதத்தில் உருளையை ஓட்டினால் அதன் பெரும்பகுதி உடனே வெளியேறிவிடும். அந்த ஈரப்பதத்தைக் கண்டறியும் சோதனையை 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் வகுத்தளித்தார். காற்று மிகுதியாகத் தங்கிவிட்ட கரை பார்வைக்கு முழுமையாகவே தோன்றும். பெருமழையில் நீர் புகும்போது உள்வாங்கும்.

டெர்சாகியின் புகழில் ஒரு துயரமும் கலந்துள்ளது. அவரது கோட்பாட்டைக் கடுமையாகத் தாக்கிய வியன்னாப் பேராசிரியர் பால் ஃபில்லுங்கர், விசாரணைக் குழுவின் முடிவு தமக்கு எதிராக அமைந்த நிலையில், 1937-இல் மனைவியுடன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் குடியேறிய டெர்சாகி, ஹார்வர்டில் கற்பித்தார், 1963-இல் மறைந்தார். கனடாவின் மிஷன் அணை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கணக்கீட்டை மட்டும் நம்பியவர் அல்லர் அவர். கட்டும்போதே மண்ணின் நடத்தையை அளந்து, தேவையெனில் வடிவமைப்பை மாற்ற வேண்டும் என்று வலியுறுத்தினார். கணிப்பு பொய்த்த பின்னரும் கோட்பாட்டை விட மனமில்லாத எங்கள் பொருளியல் துறைக்கும் இது பாடம்.

குறைந்த தொகை கோருபவருக்கே ஒப்பந்தம் என்னும் முறையில், உருளை ஓட்டத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பது எளிது. அந்த மிச்சம் ஒருவருக்கு. மறுசீரமைப்புச் செலவோ ஊருக்கு. சாலையின் நீளத்தை அறிவிப்பதுபோல், அதன் மண் இறுக்கச் சோதனை முடிவுகளையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.