சிறுவர்க்குக் களஞ்சியம் தந்த தூரன்

ஈரோட்டுக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர் ம.ப. பெரியசாமி. தூரன் என்ற பெயரால் அறியப்பட்டார். 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தியால் மனம் வெதும்பி, பட்டப்படிப்பின் இறுதித் தேர்வை எழுதாமல் விட்டார். பின்னர் ஆசிரியரானார், பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

தி.சு. அவினாசிலிங்கம் முன்னின்று நடத்திய தமிழ் வளர்ச்சிக் கழகம், கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அறிவியலைத் தமிழில் எழுதக் கலைச்சொற்களே போதாதிருந்த காலம் அது. துறைதோறும் அறிஞரைத் தேடிக் கட்டுரை பெறுதலும், வந்தவற்றைச் செப்பஞ்செய்தலும் அவர்தம் அன்றாட உழைப்பாயின. முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி 1968-இல் நிறைவுற்றது. பத்மபூஷண் விருதும் அவ்வாண்டே கிட்டியது.

அறுபது வயது. ஓய்ந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ குழந்தைகளுக்கெனத் தனிக் கலைக்களஞ்சியம் தொகுக்கப் புகுந்தார். பெரியோர்க்கு எழுதியதைச் சுருக்கிவிட்டால் அது சிறுவர் நூலாகிவிடாது. குழந்தை உளவியல் பற்றி நூல்கள் இயற்றிய அவர் இதனை நன்கறிந்தவர். ஆகவே எளிய நடையில், படங்களோடு, எல்லாவற்றையும் புதிதாகவே எழுதுவிக்க வேண்டியிருந்தது. 1976-இல் இதுவும் பத்துத் தொகுதிகளாக நிறைவெய்தியது. கீர்த்தனைகளால் தூரனை அறிந்தோர் பலர். இப்பெரும்பணியை அறிந்தோர் சிலரே.

1987-இல் அவர் மறைந்தார். இரு களஞ்சியங்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இன்றும் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கலாம்.