துப்பாக்கியைத் துறந்த பட்டாணியர்: எல்லை காந்தியின் நெடும்பயணம்

புதுதில்லி: கரோல் பாக்கில் செல்பேசிகளும் மின்னணுச் சாதனங்களும் குவிந்து கிடக்கும் கஃபார் மார்க்கெட்டையும், வசதி படைத்தோர் கூடும் கான் மார்க்கெட்டையும் அறியாத தில்லிவாசி இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த சகோதரர்களின் பெயரைத் தாங்கியவை என்பதை அறிந்தவர்கள் சிலரே. கான் மார்க்கெட்டுக்குப் பெயர் தந்தவர் மூத்தவரான டாக்டர் கான் சாகிப். இளையவர், எல்லை காந்தி என்று தமிழகம் அறிந்த கான் அப்துல் கஃபார் கான்.

இன்றைய பாகிஸ்தானில் பெஷாவருக்கு அருகே, சார்சத்தா வட்டாரத்து உத்மான்சாய் கிராமத்தில் 1890-ல் பிறந்தார் கஃபார் கான். பட்டாணியர்களின் மரபு நெறியில் விருந்தோம்பலுக்கும் அடைக்கலம் தருவதற்கும் உள்ள இடம் பழிவாங்குதலுக்கும் உண்டு. ஒரு கொலைக்கு மறு கொலை என்பது அங்கு குற்றமன்று, கடன். தந்தை செலுத்தாத கடனை மகன் செலுத்த வேண்டும். தவறினால் ஊரில் தலைநிமிர முடியாது. கஃபார் கானின் தந்தை பெஹ்ராம் கான் செல்வாக்குள்ள நிலக்கிழார். எனினும் பகைவர்களை மன்னித்துக் கணக்கை முடித்துக்கொண்டவர் என்று ஊரில் பெயரெடுத்தவர். பின்னாளில் மகன் ஓர் இயக்கமாக வளர்த்தெடுத்ததன் வித்து, காந்திஜியைச் சந்திப்பதற்கு வெகு காலம் முன்பே அந்த வீட்டில் விழுந்துவிட்டது. அவரைக் காந்திஜியின் நிழலாக மட்டுமே பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பெஷாவர் மிஷன் பள்ளியில் படித்த இளைஞருக்கு ஆங்கிலேயரின் கைடுஸ் படைப்பிரிவில் அதிகாரியாகும் வாய்ப்பு வந்தது. பட்டாணியர் குடும்பங்களுக்கு அது பெருங்கௌரவம். ஆனால், இந்திய அதிகாரி ஒருவரை அவரைவிடத் தாழ்ந்த நிலையிலிருந்த வெள்ளையர் இழிவுபடுத்துவதைக் கண்டதும் அந்த ஆசையைக் கைவிட்டார். 1910-ல் சொந்த ஊரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ரௌலட் சட்ட எதிர்ப்பின்போது 1919-ல் முதல் சிறைவாசம். 1921-ல் ஆசாத் பள்ளியை நிறுவிய சில மாதங்களிலேயே மீண்டும் கைது. இம்முறை மூன்றாண்டுக் கடுங்காவல்.

எல்லைப்புறத்தை ஆங்கிலேய அரசு நடத்திய விதமும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1901-ல் கொண்டுவரப்பட்ட எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம், ஒருவர் செய்த குற்றத்துக்கு அவரது இனக்குழுவையே தண்டிக்க வழி செய்தது. பிற மாகாணங்களுக்கு 1919-ல் கிடைத்த அரசியல் சீர்திருத்தம் எல்லைப்புற மாகாணத்துக்கு 1932 வரை எட்டவில்லை. பட்டாணியர் கலகக்காரர்கள், துப்பாக்கியைத் தவிர வேறு மொழி அறியாதவர்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆக, மக்களின் குடும்பப் பகை ஆட்சியாளர்களுக்கு வசதியான சாக்காகவும் இருந்தது. பகை ஓயாத வரை உரிமையும் கிட்டாது என்பதை கஃபார் கான் புரிந்துகொண்டார். இது ஞானியின் கண்டுபிடிப்பு என்பதைவிட அரசியல்வாதியின் கண்டுபிடிப்பு என்பதே பொருந்தும்.

1929-ல் உருவானது குதாய் கித்மத்கர், அதாவது இறைவனின் தொண்டர்கள் என்னும் அமைப்பு. வன்முறையிலும் பழிவாங்குதலிலும் ஈடுபடுவதில்லை, கொடுமை இழைத்தவரை மன்னிப்பது, குடும்பச் சண்டைகளிலிருந்து விலகி நிற்பது, நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் சமூகப் பணி செய்வது என்று ஒவ்வொருவரும் இறைவன் பெயரால் சத்தியம் செய்தாக வேண்டும். பட்டாணியர் சொன்ன சொல் தவறமாட்டார் என்ற பழைய மரபைக் கொண்டே, பழிக்குப் பழி என்ற மற்றொரு பழைய மரபை அவர் கட்டிப்போட்டார். ராணுவத்தைப் போலவே அணிவகுப்பும் பதவிகளும் இருந்தன. ஆயுதம் மட்டும் இல்லை. வெள்ளை உடை எளிதில் அழுக்கானதால் செங்கல் நிறச் சாயம் தோய்த்துக்கொண்டனர். செஞ்சட்டையினர் என்ற பெயர் அப்படி வந்தது. அந்த நிறத்தைக் காட்டி, அவர்கள் கம்யூனிஸ்டுகள் என்று அரசு பிரசாரம் செய்தது வேறு கதை.

அந்தச் சத்தியத்துக்கு 1930 ஏப்ரல் 23-ல் சோதனை வந்தது. கஃபார் கான் கைதான செய்தி பரவி, பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் மக்கள் திரண்டனர். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன, துப்பாக்கிச்சூடு தொடங்கியது. கூட்டத்தினர் திருப்பித் தாக்கவில்லை என்றே செஞ்சட்டையினர் தரப்பு இன்றளவும் கூறுகிறது. ராணுவ வண்டி ஒன்று எரிக்கப்பட்டதையும் வீரர் ஒருவர் கொல்லப்பட்டதையும் அரசுத் தரப்பு முன்வைத்தது. ஆனால் குண்டு பாய்ந்த வீதியில் மக்கள் மணிக்கணக்கில் கலையாமல் நின்றதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ராயல் கர்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த இந்து வீரர்கள், சந்திரசிங் கர்வாலி தலைமையில், நிராயுதபாணிகளான அந்த முஸ்லிம்கள் மீது சுட மறுத்தனர். ராணுவ நீதிமன்றம் சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இறந்தோர் சுமார் 30 பேர் என்றது அரசு. மத்திய சட்டப்பேரவையின் தலைவர் பதவியை அப்போதுதான் துறந்திருந்த விட்டல்பாய் படேலின் தலைமையில் காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு 125 பேர் என்றது. அக்குழுவின் அறிக்கை தடை செய்யப்பட்டது.

பெஷாவர் வீதியில் இறந்தவர்களின் மகன்களும் தம்பிகளும் பழைய நெறிப்படி துப்பாக்கி ஏந்தியிருந்தால் அரசுக்கு வேலை எளிதாகியிருக்கும். அவர்களில் பலர் செஞ்சட்டை அணிந்தனர். சிறு குழுவாக இருந்த அமைப்பு அதன்பின் பல்லாயிரம் பேர் கொண்ட பேரியக்கமாயிற்று.

கஃபார் கானோ சிறைக்கும் வெளிக்குமாக அலைந்தார். 1934-ல் விடுதலையானபோது சொந்த மாகாணத்துக்குள் நுழையத் தடை. வார்தாவில் காந்திஜியுடன் தங்கினார். 1937-ல் கான் சாகிப் மாகாண முதல்வரானார். 1940-ல், நிபந்தனைகளை ஏற்றால் போரில் ஒத்துழைப்போம் என்று காங்கிரஸ் அறிவித்தபோது, அகிம்சையில் விதிவிலக்கு இல்லை என்று கூறிக் காரியக் கமிட்டியிலிருந்தே விலகினார் கஃபார் கான். அகிம்சை காங்கிரஸில் பலருக்கு உத்தியாக இருந்தது; வேட்டைத் துப்பாக்கி தொங்கும் வீட்டில் வளர்ந்த இவருக்கு அது சத்தியம். 1947 மார்ச்சில் பிகாரில் இந்துக்களின் தாக்குதலுக்கு ஆளான முஸ்லிம் கிராமங்களில் காந்திஜியுடன் நடந்ததும் இவரே.

அதே ஆண்டு ஜூனில் பிரிவினைத் திட்டத்தை காங்கிரஸ் ஏற்றது. எல்லைப்புறத்தில் இந்தியாவா, பாகிஸ்தானா என்று மட்டுமே வாக்கெடுப்பு கேட்டது. தனி பக்தூனிஸ்தான் என்ற மூன்றாவது வாய்ப்பு மறுக்கப்பட்டதால் செஞ்சட்டையினர் புறக்கணித்தனர். 5,72,798 வாக்காளர்களில் 2,89,244 பேர் பாகிஸ்தானையும் 2,874 பேர் இந்தியாவையும் தேர்ந்தெடுத்தனர். தம்மை ஓநாய்களிடம் விட்டுவிட்டதாக காங்கிரஸ் மீது கஃபார் கானுக்கு ஏற்பட்ட வருத்தம் கடைசிவரை ஆறவில்லை. அதில் நியாயமில்லை என்று தில்லியில் எவரும் வாதிட்டுவிட முடியாது.

புதிய நாட்டுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தும் பயனில்லை. 1948 ஜூனில் கைதானார். அவர் சிறையிலிருக்க, ஆகஸ்ட் 12-ல் சார்சத்தா அருகே பாப்ராவில் செஞ்சட்டையினர் கூட்டத்தின் மீது பாகிஸ்தான் போலீஸார் சுட்டனர். 600-க்கும் மேற்பட்டோர் பலியானதாக இயக்கம் கூறியது, அரசு கூறிய எண்ணிக்கை மிகக் குறைவு. மேற்கு மாகாணங்களை ஒன்றிணைக்கும் திட்டத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணியில் நின்றனர். கான் சாகிப் 1958-ல் லாகூரில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். வெள்ளையர் சிறையும் பாகிஸ்தான் சிறையும் சேர்ந்து கஃபார் கானின் வாழ்வில் கால் நூற்றாண்டுக்கும் மேல் விழுங்கின.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 அக்டோபரில் தில்லி வந்தார். விமான நிலையத்தில் இந்திரா காந்தியும் ஜெயப்பிரகாஷ் நாராயணும் வரவேற்றனர். கக்கத்தில் இருந்த துணி மூட்டையைப் பிரதமர் வாங்கிக்கொள்ள முயன்றும் அவர் தரவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஆமதாபாத் கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டிருந்தனர். விருந்தாளி மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். நவம்பரில் காங்கிரஸ் பிளந்து, அமைச்சர்களும் எம்.பி.க்களும் ஆள் கணக்கெடுத்துக்கொண்டிருந்த நாள்களில், நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே அவர் உரையாற்றினார். இந்தியா காந்தியை மறந்துவிட்டது என்ற பொருள்பட அவர் பேசியதை இரு அணியினரும் கேட்டுக்கொண்டனர்.

1987-ல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. இந்தியக் குடிமகன் அல்லாத ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. 1988 ஜனவரி 20-ல் பெஷாவரில் காலமானார். ராஜீவ் காந்தி நேரில் சென்று அஞ்சலி செலுத்தினார். அவர் விரும்பியபடி உடல் கைபர் கணவாய் வழியே ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாதுக்குக் கொண்டு செல்லப்பட்டது. சோவியத் படைகளும் முஜாஹிதீன்களும் போரிட்ட காலம் அது. அடக்கத்துக்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. ஆயினும் அன்று அங்கு வெடித்த குண்டுகளில் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் பலர் உயிரிழந்தனர்.

சார்சத்தாவில் அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2016 ஜனவரி 20-ல், அவரது நினைவு நாளில், துப்பாக்கி ஏந்தியவர்கள் பனிமூட்டத்தில் சுவரேறிக் குதித்து 20-க்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றனர். அன்று அந்த வளாகத்தில் அவர் நினைவாகக் கவியரங்கம் நடக்கவிருந்தது.