தொப்பிப் பெட்டியில் வந்த ஈஸ்ட்

டென்மார்க் சின்னஞ்சிறு நாடு. நம் தமிழ்நாட்டை மூன்றாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அந்த நாட்டில் பீர் காய்ச்சி விற்ற ஒரு மனிதர் இருந்தார். அவர் அமைத்த ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த முறைகள் இன்று திருப்பூர்ச் சாயப்பட்டறையிலும், நாமக்கல் கோழித் தீவனப் பரிசோதனையிலும், கோவை விவசாயி வாங்கும் மண் பரிசோதனைச் சீட்டிலும் உபயோகத்தில் இருக்கின்றன.

அவர் பெயர் ஜேக்கப் கிறிஸ்டியன் ஜேக்கப்சன். கார்ல்ஸ்பெர்க் என்ற பீரை உண்டாக்கியவர் அவர்தான்.

குடும்பத்தோடு படிக்கும் பக்கத்தில் பீர்க் கதையா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்ததே நம் கொங்குச் சீமையில்தான். 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை அதைச் சேலம் ஜில்லாவில் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இருப்பவர்களுக்குக் குடியின் பெருமையைச் சொல்ல இங்கே யாரும் வரவில்லை. இதை உறைமோரின் கதை என்று நினைத்துப் படியுங்கள்.

அம்மாவின் அண்டா

ஜேக்கப்சன் 1811 செப்டம்பர் 2-ந் தேதி கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். அவருடைய தகப்பனார் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர். பீர் காய்ச்சும் இடத்தில் வேலை பார்த்து, தொழில் பழகி, கடைசியில் சொந்தமாக ஒரு சிறிய ஆலை வைத்தார்.

அந்தக் காலத்தில் பீர் காய்ச்சுகிறவர்கள் சூடு போதுமா என்று பார்க்கக் கையைத்தான் விடுவார்கள். தகப்பனார் மட்டும் உஷ்ணமானி வைத்துப் பார்த்தார். மற்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். பையனுக்கோ அதுவே முதல் பாடமாயிற்று.

பையன் கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் ஓர்ஸ்டெட் என்ற பெரிய விஞ்ஞானி நகரத்தில் பிரசங்கம் செய்தால் போய் உட்கார்ந்துவிடுவான். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று 1820-ல் கண்டவர் அந்த ஓர்ஸ்டெட். பகலில் ஆலை வேலை, மற்ற நேரத்தில் ரசாயனம் என்று வளர்ந்தார் ஜேக்கப்சன். 1835-ல் தகப்பனார் இறந்தார். ஆலை மகன் கைக்கு வந்தது.

அப்போது டென்மார்க்கில் காய்ச்சிய பீர் கலங்கலாக இருக்கும். சீக்கிரம் கெட்டுப்போகும். இந்த வாரம் ஒரு ருசி, அடுத்த வாரம் வேறு ருசி. ஜெர்மனியில் பவேரியாப் பகுதியிலோ தெளிந்த பீர் செய்துகொண்டிருந்தார்கள். அது மாதக்கணக்கில் கெடாது. அதைத் தம் ஊரில் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை ஜேக்கப்சனைப் பிடித்துக்கொண்டது.

ஆலைப் பாத்திரத்தில் பரீட்சை செய்து பார்த்தால் வியாபாரம் கெடும். ஆகவே வீட்டில் அம்மா துணி அவிக்கும் செப்பு அண்டாவை எடுத்துக்கொண்டார். கொங்கு நாட்டு வீடுகளில் பொடக்காலியில் வெந்நீர் அண்டா இருக்குமே, அந்த மாதிரி ஒரு பாத்திரம் என்று நினைத்துக்கொள்ளலாம். உலகப் பெரும் தொழில் ஒன்று அந்த அண்டாவில்தான் முதலில் கொதித்தது.

உறை எங்கே கிடைக்கும்?

பீர் செய்வதற்கு முளைகட்டிய பார்லியை உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊற வைப்பார்கள். அதிலிருந்து இனிப்பான சாறு இறங்கும். சாற்றைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் நுரையையும் உண்டாக்கும்.

ஒவ்வொரு முறையும் பழைய பீரில் மிஞ்சிய ஈஸ்ட்டைக் கொஞ்சம் எடுத்துப் புதியதில் விடுவது வழக்கம். நம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். தயிரில் வேலை செய்கிற கிருமி வேறு, பீரில் வேலை செய்வது வேறு. ஆனால் கைப்பழக்கம் ஒன்றே.

டென்மார்க்கில் இருந்த ஈஸ்ட் வெதுவெதுப்பில் மேலே மிதந்து வேலை செய்யும். பவேரியா ஈஸ்ட் குளிரில், பாத்திரத்தின் அடியில் தங்கி, மெதுவாக வேலை செய்யும். அந்த ஈஸ்ட் இல்லாமல் அந்தப் பீர் வராது. அண்டாவோடு எவ்வளவு போராடினாலும் சரியான உறை இல்லாவிட்டால் என்ன செய்வது?

1845-ல் ஜேக்கப்சன் மியூனிக் நகரத்துக்குப் போனார். அங்கே செட்ல்மயர் என்பவருடைய ஸ்பாட்டன் ஆலை பேர் பெற்றது. செட்ல்மயர் தமது ஈஸ்ட்டைக் கொடுத்தார். அதை இரண்டு பாத்திரங்களில் அடைத்து, தம் தொப்பி வைக்கும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஜேக்கப்சன் ஊருக்குக் கிளம்பினார்.

பல நாள் பிரயாணம். சூடு ஏறினால் ஈஸ்ட் செத்துப்போகும். குதிரை வண்டி நின்ற இடத்தில் எல்லாம் மற்றவர்கள் சாப்பாட்டுக்கு ஓடுவார்கள். இவர் தண்ணீருக்கு ஓடுவார். பெட்டியைத் திறந்து, பாத்திரத்தின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவார். கைக்குழந்தையோடு பிரயாணம் செய்கிற தாய்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாள். ஈஸ்ட் உயிரோடு கோபன்ஹேகன் வந்து சேர்ந்தது.

புதிய பீருக்கு நீண்ட நாள் குளிரில் கிடக்க இடம் வேண்டும். அன்று குளிர்சாதனம் ஏது? கோபன்ஹேகன் கோட்டை மதிலுக்கு அடியில் இருந்த நிலவறைகளைக் கேட்டு வாங்கிப் பீப்பாய்களை அடுக்கினார். பீர் நன்றாக விற்றது. இடம் போதவில்லை. நகரத்துக்கு வெளியே வால்பி என்ற மேட்டில் பெரிய ஆலை கட்டினார். 1847 நவம்பர் 10-ந் தேதி அங்கே முதல் காய்ச்சல் நடந்தது.

ஆலைக்குத் தம் ஒரே மகன் பெயரையே வைத்தார். மகன் பெயர் கார்ல். அப்போது அவனுக்கு 5 வயது. பெர்க் என்றால் மேடு. கார்ல்ஸ்பெர்க் என்றால் கார்லின் மேடு. பின்னால் அந்த மேட்டிலேயே தகப்பனுக்கும் மகனுக்கும் ஆகாமல் போயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

ரகசியம் கூடாது

1867-ல் தீ விபத்து ஆலையைப் பாழாக்கியது. திரும்பக் கட்டினார். அடுத்த ஆண்டே கப்பலில் ஸ்காட்லாந்துக்குப் பீர் அனுப்பினார். பணம் குவிந்தது.

பணம் வந்தவர்கள் கோவில் கட்டுவார்கள், மாளிகை கட்டுவார்கள். ஜேக்கப்சன் 1875-ல் ஆராய்ச்சிக்கூடம் கட்டினார். புளிப்பும் நொதிப்பும் உயிர்களின் வேலை என்று பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பாஸ்டர் அப்போது காட்டியிருந்தார். பாஸ்டர் மீது ஜேக்கப்சனுக்கு அளவற்ற மதிப்பு. ஒவ்வொரு நிலையிலும் என்ன நடக்கிறது என்று கண்டறிய வேண்டும் என்றார். மறு ஆண்டு, 1876-ல், ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தி ஆராய்ச்சிக்கூடத்தை அதனிடம் ஒப்படைத்தார். அறக்கட்டளையை நடத்துவோரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை டென்மார்க் விஞ்ஞானக் கழகத்துக்குக் கொடுத்தார்.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் விதித்த ஒரு விதிதான் நம்மை வியக்க வைக்கிறது. அங்கே கண்டுபிடிக்கும் முக்கியமான எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது. தம் காசில் கண்டதைப் போட்டிக் கடைக்காரனும் தெரிந்துகொள்ளட்டும் என்று எந்த வியாபாரி சொல்வான்?

சோதனை சீக்கிரமே வந்தது. 1883-ல் ஜேக்கப்சனுடைய பீரே கெட்டது. கசப்பும் கெட்ட வாடையும் வந்தன. ஆராய்ச்சிக்கூடத்தில் ஹான்சன் என்ற விஞ்ஞானி இருந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை. இளமையில் வீடுகளுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்தவர். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்து, உறையில் நல்ல ஈஸ்ட்டோடு காட்டு ஈஸ்ட்டுகளும் கலந்திருக்கின்றன என்று கண்டார். அதுதான் வியாதி.

தயிர் கெட்டால் பக்கத்து வீட்டில் உறை வாங்குவோம். ஹான்சன் வேறு வழி கண்டார். ஈஸ்ட் கலந்த நீரைத் திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுப் பெருக்கினார். ஒரு துளியில் ஒரே ஓர் ஈஸ்ட் உயிர் இருக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். அந்த ஒன்றை வளர்த்தால், அதிலிருந்து பெருகுவது எல்லாம் அதே ஜாதி. கலப்படமே கிடையாது.

ஜேக்கப்சனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. செய்து பார்த்த பிறகு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தூய ஈஸ்ட்டைக் கொண்டு ஆலையில் காய்ச்சினார்கள். பீர் சரியாயிற்று.

அதைப் பூட்டி வைத்திருந்தால் ஐரோப்பா முழுவதும் அவர் ஒருவரே வியாபாரம் செய்திருக்கலாம். அவர் பூட்டவில்லை. முறையை வெளியிட்டார்கள். கேட்ட ஆலைகளுக்கு ஈஸ்ட்டையும் இலவசமாகக் கொடுத்தார்கள். மியூனிக்கில் ஒருவர் கொடுத்ததை வாங்கித் தொப்பிப் பெட்டியில் கொண்டுவந்தவர் அல்லவா!

திருப்பூருக்கு வந்தது எப்படி?

அதே 1883-ல் அதே கூடத்தில் கெல்டால் என்ற ரசாயனி தானியத்தில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று அளக்க ஒரு முறை கண்டார். தானியத்தைக் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து அளக்கும் முறை. அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடலாம். இன்று கோழித் தீவனத்தில் புரதம் இத்தனை சதவீதம் என்று கண்டறிய அந்த முறையைத்தான் கையாளுகிறார்கள்.

ஜேக்கப்சன் காலத்துக்குப் பிறகு, 1909-ல், அங்கே சாரன்சன் என்பவர் புளிப்பையும் காரத்தையும் ஒரே அளவுகோலில் குறிக்க வழி செய்தார். அதற்குப் பி.எச். என்று பெயர். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் புளிப்பு. மேலே போனால் காரம். சாயத் தொட்டியில் பி.எச். தவறினால் பனியனில் சாயம் சரியாக ஏறாது. மண்ணில் தவறினால் உரம் போட்டும் பயிர் எடுக்காது.

தெருப்பலகைச் சண்டை

இவ்வளவு தாராளமான மனிதருக்கு மகனிடம் மட்டும் தாராளம் இல்லை. மகன் கார்லை நாலு ஆண்டு பல நாடுகளுக்கு அனுப்பித் தொழில் கற்க வைத்தார். 1871-ல் பக்கத்தில் இருந்த ஓர் ஆலையைக் கார்ல் கையில் கொடுத்தார். மகன் பீரை நிலவறையில் குறைந்த நாளே வைத்து, நிறையக் காய்ச்சி, நிறைய விற்றார். தகப்பனாருக்கு ஆத்திரம். தரம் கெடும், பெயர் கெடும் என்றார். மகன் கேட்கவில்லை. கடைசியில் மகனை வெளியேறச் சொன்னார். கார்ல் கூப்பிடு தூரத்திலேயே புது கார்ல்ஸ்பெர்க் என்று தனி ஆலை கட்டிக்கொண்டார். தகப்பனாருடையது பழைய கார்ல்ஸ்பெர்க் ஆயிற்று. தகப்பனார் தம் ஆலையை மகனுக்கு வைக்காமல் அறக்கட்டளைக்கே எழுதி வைத்தார்.

இரண்டு ஆலைகளுக்கும் நடுவே ஒரு தெரு. தகப்பனார் அதற்கு அலையன்ஸ் தெரு என்று பலகை மாட்டினார். அலையன்ஸ் என்றால் கூட்டுறவு! மகன் பாஸ்டர் தெரு என்று பலகை மாட்டினார். ஒருவர் பலகைக்கு மற்றவர் எதிர்ப்பலகை வைத்தார்கள். நாடே போற்றிய இரண்டு பேர், தெருப்பலகையில் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். இருவருக்கும் பாஸ்டர் மீது பக்தி உண்டு என்பதுதான் இதில் விசித்திரம்.

1886-ல் இருவரும் சமாதானம் ஆனார்கள். மறு ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, ரோம் நகரில், ஜேக்கப்சன் காலமானார். வயது 75.

அவர் வாழ்ந்த வீடும் நாட்டுக்கே போயிற்று. நாட்டின் சிறந்த அறிஞர் ஒருவர் அதில் குடியிருக்கலாம் என்று ஏற்பாடு. அணு விஞ்ஞானி நீல்ஸ் போர் 1932 முதல் 1962-ல் தாம் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார்.

கார்லும் 1902-ல் தம் ஆலையைத் தகப்பனாரின் அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார். 1906-ல் பழையதும் புதியதும் ஒன்றாயின. கோபன்ஹேகன் கடற்கரையில் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னி சிலை இருக்கிறதே, அதைச் செய்வித்து 1913-ல் நகரத்துக்குக் கொடுத்தவரும் இந்தக் கார்ல்தான்.

வால்பி மேட்டில் பெரிய அளவில் பீர் காய்ச்சுவது 2008-ல் நின்றது. தகப்பனும் மகனும் பலகை மாட்டிச் சண்டை போட்ட தெருவுக்கு இன்று இருக்கும் பெயர் பாஸ்டர் தெரு.