வண்டிக்காரரின் வாதம்

மேடையில் முழங்குவோர் பலர். முழக்கம் ஓய்ந்தபின் மூலையில் அமர்ந்து உறுப்பினர் பட்டியலைச் சரிபார்ப்போர் சிலர். இரண்டையும் ஒருவரே செய்தால் என்ன விளையும்? எர்னஸ்ட் பெவின் வாழ்க்கையைப் பாருங்கள் என்போம்.

1881-இல் இங்கிலாந்தில் வின்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூரில் பிறந்தவர் பெவின். தந்தை இன்னாரென்றே அறியாத பிள்ளை. எட்டு வயதில் தாயையும் இழந்தார். பதினொரு வயதில் பள்ளிக்கூடம் முடிந்தது. பண்ணை வேலை தொடங்கியது. பின்னர் பிரிஸ்டல் நகரில் வண்டியோட்டிப் பிழைத்தார். அலுவலக அறை அவரை உருவாக்கவில்லை. தெருவும் துறைமுகமும் உருவாக்கின. நாலு பேரைக் கண்டால் நின்று பேசுவார். பேசியதோடு விடாமல் சங்கத்தில் சேர்ப்பார். 1910-இல் சங்கப் பணியில் இறங்கியவர், 1914-இல் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் தேசிய அமைப்பாளரானார்.

1920-ஆம் ஆண்டு வந்தது. நாளொன்றுக்கு 16 ஷில்லிங் கூலி வேண்டும் என்று துறைமுகத் தொழிலாளர் கேட்டனர். ஷா பிரபு தலைமையில் விசாரணை மன்றம் கூடிற்று. முதலாளிகள் பக்கம் பேர்பெற்ற வழக்கறிஞர். தொழிலாளர் பக்கம் பழைய வண்டிக்காரர்! பல மணி நேரம் வாதாடினார் பெவின். முதலாளிகள் தரப்பில் வந்த புள்ளிவிவரப் பேராசிரியர் பௌலி, குறைந்த தொகையில் ஒரு குடும்பம் வாழ்ந்துவிடலாம் எனக் கணக்குக் காட்டினார்.

பெவின் என்ன செய்தார்? கடைத்தெருவுக்குப் போனார். அந்தக் கணக்குக்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவே வாங்கினார். சமைத்தார். தட்டுகளில் பங்கிட்டு மன்றத்தின் முன் கொண்டுவந்து வைத்தார். மூட்டை சுமப்பவனுக்கு இந்தத் துணுக்குகள் போதுமா என்று பேராசிரியரைக் கேட்டார். காகிதத்தில் நிறைந்திருந்த வயிறு, தட்டில் காலியாகக் கிடந்தது. 16 ஷில்லிங் வழங்கலாம் எனப் பெரும்பான்மை உறுப்பினர் பரிந்துரைத்தனர்.

வெற்றி மாலையோடு வீட்டுக்குப் போய்விட்டாரா? இல்லை. சிதறிக்கிடந்த 14 சங்கங்களை இணைத்து, 1922-இல் போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பெயர், ஒரு தலைவர், ஒரு தன்மானம்! தொழிற்பிரிவுகளுக்குத் தனித்தனி இடம் தந்து, அவர்களை ஒரே கூரையின்கீழ் அமர்த்தினார்.

1940-இல் தொழில் அமைச்சரானார். காலைதோறும் துறைமுக வாயிலில் நின்று, கங்காணியின் விரல் தன்னைச் சுட்டுமா என ஏங்கிய தொழிலாளியைப் பதிவேட்டில் ஏற்றினார். அந்த அடிப்படையின்மீதே, வேலையில்லா நாளிலும் வந்து நின்றவனுக்குப் பணம் தரும் 1947-ஆம் ஆண்டுத் திட்டம் எழுந்தது. 1945 முதல் வெளிநாட்டு அமைச்சராயிருந்து, 1951-இல் மறைந்தார்.

குறையற்றவர் என்று நாம் கூறவில்லை. மாற்றுக் கருத்தைப் பொறுக்காதவர். எதிர்த்தவரைப் பகைவராகவே எண்ணியவர். காரியவீரர் பலரிடம் காணும் குறை இது. அதை விலக்குவோம், ஆற்றலை எடுத்துக்கொள்வோம்.

தோழர்களே! பசி கொடிது என்று பேச எவராலும் முடியும். பசியை எடை போட்டுத் தட்டில் காட்டக் கடைத்தெருவுக்கு நடக்க வேண்டும். இன்று மாலைக் கூட்டத்தில் கைதட்டுவோம். நாளைக் காலை, சந்தாப் புத்தகத்தோடு பக்கத்துத் தெருவுக்குப் புறப்படுவோம்.