வெப்பத்தை வசப்படுத்திய வில்ஹெல்ம் மைபாக்

ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் 1846ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் வில்ஹெல்ம் மைபாக் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு தச்சர். மைபாக் எட்டு வயதில் தாயையும் பத்து வயதில் தந்தையையும் இழந்தார். ஆதரவற்று நின்ற சிறுவனை ரோய்ட்லிங்கன் நகரிலிருந்த ஓர் அறநிலையம் அரவணைத்துக்கொண்டது. அங்கேயே அவர் இயந்திர வரைபடம் வரையும் கலையைக் கற்றுத் தேர்ந்தார்.

அந்நிலையத்தின் பட்டறைக்குப் பொறுப்பாளராக இருந்த கோட்லீப் டைம்லர், இளைஞரின் திறமையைக் கண்டுகொண்டார். மைபாக்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரான அவரே பின்னர் மைபாக்கின் வழிகாட்டியும் நண்பருமானார். 1882ஆம் ஆண்டு இருவரும் கான்ஸ்டாட் நகரில், டைம்லரின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு பட்டறையை அமைத்தனர். விரைவாகச் சுழலும் சிறிய பெட்ரோல் இயந்திரத்தை அங்கே உருவாக்கி, 1885ஆம் ஆண்டு அதனை ஓர் இருசக்கர வண்டியில் பொருத்தினர்.

ஆனால், வெப்பம் அவர்களுக்கு இரண்டு வகையில் சவாலாக இருந்தது.

முதல் சவால் எரிபொருளில் எழுந்தது. பெட்ரோல் ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் இயந்திரத்தினுள் நன்றாக எரியும். அக்காலத்தில் ஒரு கலத்திலிருந்த பெட்ரோலைத் தொட்டுச் செல்லும்படி காற்றை இழுத்து, அதன் ஆவியைச் சேர்த்தனர். கையில் தடவிய கைத்தூய்மி உலரும்போது குளிர்வதை நாம் உணர்ந்திருப்போம். அதைப்போலவே, பெட்ரோல் ஆவியாக ஆவியாகக் கலமும் குளிர்ந்தது. ஆவியின் அளவும் குறைந்தது. குளிர்நாளில் ஆவி போதவில்லை, வெயில்நாளில் மிகுந்தது. இதனால் இயந்திரம் சீராக ஓடவில்லை.

1893ஆம் ஆண்டு மைபாக் இதற்கு வழி கண்டார். அவர் வடிவமைத்த கார்புரேட்டரில் ஒரு மிதவை, பெட்ரோலின் மட்டத்தை மாறாமல் காத்தது. இயந்திரம் காற்றை உள்ளிழுக்கும்போது, நுண்ணிய துளை வழியாகப் பெட்ரோல் சிறு துளிகளாகத் தெறித்துக் காற்றுடன் கலந்தது. வானிலையின் பாதிப்பு முற்றிலும் நீங்காவிட்டாலும், எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்த முடிந்தது.

இரண்டாவது சவால் இயந்திரத்தின் சூடு. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஒரு பகுதியே வண்டியை ஓட்டப் பயன்படும். எஞ்சியதை வெளியேற்றாவிட்டால் உலோகப் பாகங்கள் விரிந்து இறுகிவிடும். தொடக்ககால மகிழுந்துகள் சிலவற்றில் இயந்திரத்தைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகிப் போனது. ஓட்டுநர்கள் வழியெங்கும் நீரைத் தேட வேண்டியிருந்தது. இயந்திரத்தின் ஆற்றல் கூடக்கூட, சுமக்க வேண்டிய நீரும் கூடியது.

1900ஆம் ஆண்டு மார்ச் மாதம் டைம்லர் காலமானார். வழிகாட்டியை இழந்த துயரத்திலும் மைபாக் தம் பணியை நிறுத்தவில்லை. தேனடையைப் போன்ற ஒரு ரேடியேட்டரை அவர் அதே ஆண்டில் வடிவமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களினூடே காற்று பாய, அவற்றைச் சுற்றி நீர் ஓடியது. காற்றுபடும் பரப்பு பெருகியதால் நீர் விரைவில் குளிர்ந்தது. வண்டி மெதுவாகச் செல்லும்போது காற்றை இழுக்க ஒரு விசிறியும் இருந்தது. 35 குதிரைத்திறன் கொண்ட அந்த மெர்சிடிஸ் மகிழுந்துக்கு 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று. 1901ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த பந்தயங்களில் அது வெற்றி பெற்றது.

1907ஆம் ஆண்டு மைபாக் அந்நிறுவனத்தைவிட்டு விலகினார். பின்னர், தம் மகன் கார்லுடன் சேர்ந்து செப்பலின் வான்கப்பல்களுக்கான இயந்திரங்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். 1929ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

புதிய மகிழுந்துகளில் கார்புரேட்டர் இன்று இல்லை. எரிபொருளை மின்னணுக் கருவிகள் அளந்து செலுத்துகின்றன. எனினும், வண்டியின் முன்புறத்தில் காற்றால் நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், பெற்றோரை இழந்த அச்சிறுவனின் உழைப்பை இன்றும் நினைவூட்டுகிறது.