காயலான் சாமானில் பிறந்த கார்!
(ஹென்றி ஃபோர்டு வாழ்க்கை வரலாறு)



இந்த முறை நம் சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்டவர் ஹென்றி ஃபோர்டு. ஃபோர்டுன்னு சொன்னதும் பெரிய கார் கம்பெனி முதலாளி, கோடீஸ்வரர் என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அவருடைய முதல் இன்ஜின் தொழிற்சாலையில் பிறக்கவில்லை. வீட்டுச் சமையலறையில் பிறந்தது! அதுவும் பழைய சாமான்களை வைத்து! அந்தக் கதையைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இளமைப் பருவம்

ஃபோர்டு 1863 ஜூலை 30 அன்று அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதிலேயே தாய் இறந்துவிட்டார். அதே 1876ஆம் ஆண்டில், குதிரை இல்லாமல் தானே சாலையில் நகர்ந்து வந்த ஒரு நீராவி இன்ஜினைப் பார்த்தார். அந்தக் காட்சி அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. கைக்கடக்கமான கடிகாரங்களைப் பிரித்துப் பிரித்து மாட்டுவதுதான் அவருக்கு விளையாட்டு.

16 வயதில் டெட்ராய்ட் போய் இயந்திரப் பட்டறையில் வேலை பழகினார். பிறகு ஊருக்குத் திரும்பி, பண்ணை பண்ணையாகப் போய் நீராவி இன்ஜின்களைப் பழுது பார்த்தார். 1888இல் கிளாரா என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். 1891இல் டெட்ராய்டில் எடிசன் மின்சாரக் கம்பெனியில் இன்ஜினியர் வேலை கிடைத்தது. இரண்டே வருடத்தில் தலைமை இன்ஜினியர் ஆகிவிட்டார். நல்ல வேலை, நல்ல சம்பளம். வேறு ஒருவராக இருந்தால் இது போதும் என்று உட்கார்ந்திருப்பார்!

சமையலறையில் ஒரு இன்ஜின்

1893 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு. வீட்டில் பிறந்து ஏழே வாரம் ஆன கைக்குழந்தை எட்செல். கிளாராவுக்கோ மறுநாள் பண்டிகைச் சமையல் வேலை. அந்த நேரம் பார்த்து ஃபோர்டு ஒரு மரப்பலகையில் பொருத்திய குட்டி இன்ஜினைக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் இறுக்கி மாட்டினார்.

அதில் என்னென்ன இருந்தது தெரியுமா? சிலிண்டர், ஒரு அங்குல கேஸ் பைப் துண்டு. ஃப்ளைவீல், பழைய லேத்தில் கைப்பிடியாக இருந்த சக்கரம். ஸ்பார்க் கொடுக்க வீட்டு விளக்குக்கு வந்த மின்சாரம். கார்புரேட்டர் கிடையாது. கிளாராதான் கார்புரேட்டர்! அவர் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஃபோர்டு சக்கரத்தைச் சுற்றினார். தொட்டி கிடுகிடுவென்று ஆடியது, புகையும் நெருப்பும் கக்கியது, இன்ஜின் ஓடியது! கொஞ்ச நேரம்தான் ஓடியது. ஆனால் அவருக்கு அது போதும். தன் கணக்கு சரி என்று தெரிந்துவிட்டது. பெரியதாகச் செய்யக் கிளம்பிவிட்டார்.

பழைய பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. பழைய சாமான் என்றால் கையில் கிடைத்ததை எல்லாம் மாட்டுவது இல்லை. பைப்பை ஏன் எடுத்தார்? அது ஏற்கனவே உருண்டையாக இருக்கிறது. உள்பக்கத்தைக் கடைந்து வழவழப்பாக்கினால் பிஸ்டன் போய் வரும். லேத் சக்கரத்தை ஏன் எடுத்தார்? அது கனமானது. ஒரு தடவை வெடித்த வேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த வெடிப்பு வரை சுற்றும். ஆக, பொருளின் பெயரைப் பார்க்காமல் அதன் குணத்தைப் பார்த்திருக்கிறார்.

இன்றைக்கும் வீட்டிலேயே கார் இன்ஜின் கட்டுகிறவர்கள், குறைந்த விலையில் பழைய டர்போசார்ஜர் வாங்கும்போது இதைத்தான் செய்கிறார்கள். டர்போ என்பது புகை வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளும் கருவி. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலேயும் சுற்றும். அதனால் தண்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து ஆட்டம் இருக்கிறதா, இறக்கை நுனி உடைந்திருக்கிறதா, ஆயில் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம்ம இன்ஜின் அளவுக்குப் பொருந்துமா என்றும் பார்ப்பார்கள். விலை மலிவு என்பது கடைசியாகத்தான்!

சுவரை இடித்த கார்

அடுத்து ஃபோர்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த செங்கல் கொட்டகையில், இரவு இரவாக ஒரு வண்டி கட்டினார். பகலில் கம்பெனி வேலை, இரவில் இந்த வேலை. விலைக்கு வாங்கிய ஒரு நீராவி இன்ஜினின் புகைக்குழாயை எடுத்து, இரண்டு சிலிண்டர்கள் செய்தார். உள்விட்டம் இரண்டரை அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 6 அங்குலம். சுமார் 4 குதிரைச் சக்தி கிடைத்தது. சக்கரங்கள் நான்கும் சைக்கிள் சக்கரங்கள் மாதிரி. ஹாரனுக்கு வீட்டு அழைப்பு மணி! ரிவர்ஸ் கியர் கிடையாது.

1896 ஜூன் 4 விடியற்காலையில் வண்டி தயார். வெளியே எடுக்கலாம் என்று பார்த்தால், கொட்டகைக் கதவு சின்னது! வண்டி பெரிசு! யோசிக்கவில்லை, கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்தார். நண்பர் ஒருவர் சைக்கிளில் முன்னால் போய் எச்சரிக்கை செய்ய, ஃபோர்டு தெருவில் ஓட்டிப் போனார். நடுவழியில் வண்டி நின்றது. சரி செய்து மறுபடியும் ஓட்டினார்.

ஒரு குறை இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் சிலிண்டர் ரொம்பச் சூடானது. ஆகவே சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை போட்டு, ஒரு தொட்டியும் வைத்தார். பழைய பொருளுக்குப் புது வேலை கொடுத்தால், அதற்குத் தேவையான பாதுகாப்பையும் நாம்தான் செய்ய வேண்டும் என்பது இதிலிருந்து புரிகிறது.

அந்த வண்டியை 200 டாலருக்கு விற்று, அடுத்த வண்டிக்குப் பணம் சேர்த்தார். பிற்காலத்தில் ஆசைப்பட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்போது டியர்பார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேலையா, கனவா?

மின்சாரக் கம்பெனி அவருக்கு இன்னும் பெரிய பதவி தருவதாகச் சொன்னது. ஆனால் பெட்ரோல் இன்ஜினை விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. மனைவி, குழந்தை, குடும்பம் எல்லாம் இருந்தும் 1899இல் வேலையை விட்டார். முதலில் தொடங்கிய கார் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவதில் கருத்து வேறுபாடு, வெளியேறினார். அப்போதும் கிளாரா கைவிடவில்லை. 1903இல் மூன்றாவதாகத் தொடங்கியதுதான் ஃபோர்டு மோட்டார் கம்பெனி.

1908இல் மாடல் டி கார் வந்தது. 825 டாலரில் தொடங்கிய விலை, 1925 வாக்கில் 260 டாலருக்கு இறங்கியது. காரணம், 1913இல் அவர் கொண்டுவந்த நகரும் உற்பத்தி வரிசை. 1927க்குள் ஒன்றரைக் கோடி கார்கள்! 1914இல் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்.

குறைகளும் உண்டு

பெரியவர்களின் நல்லதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. 1920களில் அவருடைய பத்திரிகை யூத மக்கள் மீது வெறுப்பைப் பரப்பியது. தொழிற்சங்கம் அமைத்தவர்கள் 1937இல் அவருடைய ஆட்களால் அடிக்கப்பட்டார்கள். இன்ஜினில் அவ்வளவு தெளிவாக இருந்தவர், மனிதர்கள் விஷயத்தில் தவறினார் என்பதையும் நாம் தெரிந்துகொள்ளணும்.

1947 ஏப்ரல் 7 இரவு, 83 வயதில் காலமானார். அன்று ஆற்றில் வெள்ளம் வந்து அவர் வீட்டில் மின்சாரம் இல்லை. ஒரு காலத்தில் மின்சாரக் கம்பெனியின் தலைமை இன்ஜினியராக இருந்தவர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்மூடினார்.

நண்பர்களே! நம் அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்ய, புதுசா வாங்கக் காசு இல்லையே என்று இனி யாரும் ஒதுங்க வேண்டாம். காயலான் கடைக்குப் போவோம். ஆனால் எதை, ஏன் எடுக்கிறோம் என்று தெரிந்து எடுப்போம்!

உங்களுக்குத் தெரியுமா?
* டர்போசார்ஜர் யோசனைக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பியூக்கி.
* சென்னைக்கு அருகே மறைமலை நகரில் இயங்கிய ஃபோர்டு ஆலையில் 2022இல் கார் தயாரிப்பு நின்றது.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு